நானே சொன்னாலும் கேட்காதீர்கள்

பெண் பார்க்கப் போன அன்று பேட்ரிசியா என்னைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையில் இருந்த போனைத்தான் பார்த்தாள். காபி டம்ளரை நீட்டிவிட்டு, "இதுக்கு சார்ஜர் கூடவே வந்துச்சா, தனியா வாங்குனீங்களா?" என்று கேட்டாள். சிங்காரத்தோப்புக் கடைத்தெருவில் தனியாக வாங்கியது என்றேன். "டூப்ளிகேட்டா இருக்கும். தலைமாட்டுல வச்சு சார்ஜ் போடாதீங்க," என்றாள். பாலக்கரையில் அவர்கள் வீட்டுக் கூடத்தில், இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் பங்குச்சாமியாரும் உட்கார்ந்திருக்கையில் எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு இதுதான். திரும்பி வரும்போது எங்கள் அப்பா, "பொண்ணு உன் மேல அக்கறையா இருக்குடா பிரவீன்," என்றார். எனக்கு அது அக்கறையாகத் தெரியவில்லை. ஆனாலும் மறுநாளே சார்ஜரை மாற்றிவிட்டேன்.

அப்போது அவள் ஒரு மாலைப் பத்திரிகையின் திருச்சிப் பதிப்பில் நிருபர். அங்கே கொலை, அரசியல், மாநகராட்சி எல்லாவற்றையும் ஆண்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சம் கிடந்தது கோலப் போட்டியும் கம்ப்யூட்டரும். கோலம் தனக்கு வராது என்பதால் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டாள். வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாத ஒருத்தி வாராவாரம் புதன்கிழமை ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் வாங்க யோசனை சொன்ன கதை இது. அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

தில்லைநகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்துதான் எழுதுவாள். எழுதும் நேரத்தைவிடப் பக்கத்து மேசைகளைப் பார்க்கும் நேரம்தான் அதிகம். ரிசல்ட் பார்க்க வந்த பையன், துபாயில் இருக்கும் மகனுக்கு மெயில் அனுப்ப வந்த அம்மா, வேலைக்கு மனுப் போட வந்த பெண், இவர்களுடைய கை எங்கே தயங்கி நிற்கிறது என்று கவனிப்பாள். அந்த வாரக் கட்டுரை அதைப் பற்றித்தான் இருக்கும். பெரிய நிருபர்களுக்கு அதெல்லாம் செய்தியாகவே தோன்றவில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் நகைக்கடை விளம்பரம் ஒன்று வந்தபோது அவளுடைய இடத்தைத் தூக்கி அதற்குக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தவணையில் வாங்கிய லேப்டாப்பில் வலைப்பூ ஒன்றைத் தொடங்கினாள். அதற்குப் பெயர் 'வாங்குமுன்'. பெயரைக் கேட்டு நான் ஏதோ அடகுக்கடை போல இருக்கிறது என்று சொன்னேன். அதற்காக அன்றைக்கு எனக்கு ரசம் மட்டும்தான் கிடைத்தது.

வாங்குமுன்னுக்கு ஒரே ஒரு சட்டம். எந்தப் போனைப் பற்றி எழுதினாலும் அதை ஒரு மாதம் தன் ஒரே போனாக வைத்துக்கொண்ட பிறகுதான் எழுதுவாள். புதுப் போன் சந்தைக்கு வந்த அன்றே மற்றவர்கள் ஆகா ஓகோ என்று எழுதி முடித்துவிடுவார்கள். இவள் அப்போதுதான் பெட்டியைப் பிரித்திருப்பாள். உச்சி வெயிலில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று திரையில் எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பாள். ஈரக்கையோடு தொட்டுப் பார்ப்பாள். மீன் மார்க்கெட் இரைச்சலில் நின்றுகொண்டு எனக்குப் போன் போடுவாள். ஒரு போனில் மாதம் முழுக்க நான் பேசுவது அவளுக்குக் கேட்கும், அவள் பேசுவது எனக்குக் கேட்காது. அது ஒரு நிம்மதியான மாதம். அந்தப் போனை அவள் கிழித்துத் தொங்கவிட்டாள். அந்தக் கம்பெனிக்காரர்கள் அதன்பின் எங்கள் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

கட்டுரை முடிந்ததும் அடியில் தன் போன் நம்பரைப் போடுவாள். அது பத்திரிகையில் இருந்து வந்த பழக்கம். வேண்டாம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். ஞாயிறு பூசையில் நற்கருணை நேரத்தில் யாராவது கூப்பிட்டு, "மேடம், போன் தண்ணில விழுந்துருச்சு," என்பார்கள். இவள் கோயிலுக்கு வெளியே போய் நின்று பேட்டரியைக் கழற்றும் வழி சொல்லுவாள்.

தண்ணீரில் விழுந்த போன்தான் அவளைப் பிரபலமாக்கியது. ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபம் படித்துறையில் ஊரே முழுக்குப் போடும்போது கூடவே சில போன்களும் முழுக்குப் போடும். ஆற்றில் விழுந்த போனை அரிசிக்குள் புதைக்காதீர்கள் என்று அவள் எழுதிய கட்டுரை வருடாவருடம் ஆடியில் உயிர்பெற்று ஊரைச் சுற்றும். அது முதலில் வந்த வருடம் அதைப் படித்துவிட்டுத்தான் ஸ்ரீரங்கத்துப் பாஷ்யம் மாமா கூப்பிட்டார். ரிட்டையரான பாங்க் அதிகாரி. "ஆத்துல விழுந்த போனை மாமி அரிசில வச்சுட்டாம்மா. போனும் போச்சு, அரிசியும் போச்சு. நீங்க ஒரு மாசம் முன்னாடி எழுதப்படாதோ?" என்று சண்டைக்கு வந்தார். சண்டை முடியும்போது தன் வீட்டு மாடியை ஆபீஸ் வைத்துக்கொள்ள வாடகைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். மாடியில் கவிச்சி கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. வெள்ளிக்கிழமை மட்டும் சைவமாக இருந்த என் மனைவி வாரம் முழுக்க மதியத்தில் தயிர்சாதத்துக்கு வந்து சேர்ந்தாள். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளார்க்கு வேலை முடிந்ததும் நான் நேரே அந்த மாடிக்குப் போய்விடுவேன். அங்கே காற்று நன்றாக வரும். காரணம் அது மட்டும்தான் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஊரடங்கு வந்தபோதுதான் குரல் வந்தது. ஸ்கூல் வகுப்பெல்லாம் போனுக்குள் போய்விட்டது. "உள்ள எப்படிப் போறது மேடம்?" என்று நாள் முழுக்க போன். அவள் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டிப்போனாள். கடைசியில் அதை ஒரே தடவை பேசி வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பினாள். அப்படியே அது தினப்படி ஆகிவிட்டது. காலையில் டீ போட்டு வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரியிடம் மதில் மேல் பேசுவதுபோல இரண்டு நிமிடம் பேசுவாள். ஏமாற்று மெசேஜ் எது, கேஸ் எப்படிப் புக் பண்ணுவது, பேரப் பிள்ளையின் போட்டோவை எப்படிப் பெரிதாக்கிப் பார்ப்பது, இதெல்லாம்தான் விஷயம். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கண் ஆபரேஷன் செய்தவர்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சலித்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். சமயபுரத்தில் ஒரு டீக்கடையில் ஸ்பீக்கரில் போடுவார்களாம். நானும் பொன்மலை பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். வீட்டில் என்னிடம் பேசும் குரலைவிட அது இனிமையாக இருக்கும்.

இங்கேதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். யாரோ வாங்குமுன் பெயரில், பரிசு விழுந்திருக்கிறது என்று ஒரு எழுத்து மெசேஜைச் சுற்ற விட்டார்கள். மறுநாள் காலை இவள் பேசினாள்: "எழுத்துல வந்தா நம்பாதீங்க. யாரு வேணா எழுதலாம். நான்னா என் குரல்லயே சொல்லுவேன். என் குரல் வந்தா மட்டும் நம்புங்க." எத்தனை பேர் பாராட்டினார்கள் தெரியுமா? பாஷ்யம் மாமா மாடியேறி வந்து, "பேஷ்," என்றார்.

அதற்கு அடுத்த வருடம் குரலைத் திருடும் கருவிகள் பற்றி அவளே கட்டுரை எழுதினாள். வெளிநாட்டில் ஒரு முதலாளியின் குரலில் பேசி கம்பெனியையே ஏமாற்றியதை விளக்கினாள். நல்ல கட்டுரை. 'பிரபலங்கள் தங்கள் குரலைப் பொதுவில் விடுவதில் கவனமாக இருக்க வேண்டும்' என்று முடித்திருந்தாள். முடித்த கையோடு அடுத்த நாளுக்கான இரண்டு நிமிடத்தைப் பேசி அனுப்பினாள். பாலக்கரைப் பெண் தன்னைப் பிரபலம் என்று நினைக்கவில்லை. அந்த அடக்கம்தான் வினையாகிப்போனது.

போன கார்த்திகையில் ஒருநாள். ஒர்க்‌ஷாப்பில் டீ நேரத்தில் என்னுடன் வேலை பார்க்கும் ஜெகபர் அலி போனை நீட்டினான். "அண்ணே, அண்ணி இன்னைக்கு ரெண்டாவது ஆடியோ போட்டிருக்காங்க போல." கேட்டேன். "வணக்கம், வாங்குமுன் பேட்ரிசியா பேசறேன். உங்க எல்லார் போனுக்கும் ஒரு ஆபத்து வந்திருக்கு. கீழ ஒரு லிங்க் இருக்கும். அதைத் தொட்டு, வர்ற நம்பரைப் போட்டீங்கன்னா போன் பத்திரமாயிடும்." அவள் குரல். அவள் இழுப்பு. பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்குவதுகூட அவளுடையது. ஜெகபர் தொடப் போனான். "இருப்பா, சாயங்காலம் அவகிட்டயே குடுத்துப் போட்டுக்கலாம்," என்றேன். என் சோம்பேறித்தனம் வாழ்நாளில் ஒருமுறை உருப்படியாக உதவியது அன்றைக்குத்தான்.

மாடிக்குப் போனதும் போனை அவள் முன் வைத்து, "நீ அனுப்புன லிங்கை நீயே போட்டுக் குடு," என்றேன்.

ஆடியோவைக் கேட்டாள். மறுபடி கேட்டாள்.

"இது நான் பேசுனது இல்லங்க."

"உன் குரல்தானே?"

"என் குரல்தான். நான் பேசல."

இத்தனை வருடம் கூடவே வாழ்ந்தவன். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்வது?

அவள் மறுப்பு எழுதி முடிப்பதற்குள் போன் வந்துவிட்டது. லால்குடி ராசப்பன். நெல் விவசாயி, தினமும் காலை ஆடியோவைக் கேட்கிறவர். லிங்கைத் தொட்டு நம்பரைப் போட்டதும் அவருடைய வாட்ஸ்அப் வேறு யார் கைக்கோ போய்விட்டது. அங்கிருந்து அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அவர் பெயரில் மெசேஜ்: அவசரம், உடனே பணம் அனுப்புங்கள். அது சம்பந்தி வீட்டுக்கும் போயிருக்கிறது. அவர் மகளுக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை பூவரசன் வையம்பட்டிக்காரர். பெண் கொடுக்கிறவர் கல்யாணத்துக்கு முன்பே பணம் கேட்கிறாரே என்று அங்கே முகம் சுளித்துவிட்டார்கள். இந்தச் சம்பந்தத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று தூது வந்துவிட்டது.

"நான் எழுதலன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க மேடம்," என்றார் ராசப்பன். திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதானே அமுக்குனேன்?"

பேட்ரிசியா அவர் பெயரையும் நம்பரையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். சைபர் கிரைமில் புகார் கொடுத்தாள். தளத்தின் தலையில் மறுப்பு போட்டாள். ஆனால் ஏமாந்தவர்கள் தளத்தைப் படிக்கிறவர்கள் இல்லை, குரலைக் கேட்கிறவர்கள். அதனால் மறுநாள் காலை, அது நான் பேசியதில்லை என்று தன் குரலிலேயே சொல்லி அனுப்பினாள். அன்று மதியமே இன்னொரு ஆடியோ வந்தது: "வணக்கம், வாங்குமுன் பேட்ரிசியா பேசறேன். காலையில என் குரல்ல ஒரு மறுப்பு வந்திருக்கும். அதுதான் போலி. அதை நம்பாதீங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாஷ்யம் மாமாவின் மாடிக் கைப்பிடிச் சுவரைக் குத்திக் கையை வீங்க வைத்துக்கொண்டேன். அவள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் என்ன சொன்னாலும் அதையே அந்தத் திருடனும் சொல்லுவான். என் குரல்லயே சொல்லுவான்," என்றாள். "குரல்ல வந்தா நம்புங்கன்னு சொல்லிக் குடுத்ததே நான்தானே."

"போலீஸ்ல சொல்லியாச்சு, எழுதியாச்சு. இதுக்கு மேல நீ என்ன பண்ணுவ?"

"ராசப்பன் அண்ணன் என்னைத் திட்டியிருந்தா பரவால்லங்க," என்றாள். "வையம்பட்டிக்குப் போவோம்."

அன்றோடு காலை ஆடியோவை நிறுத்திவிட்டாள். இனி தன் குரலில் எது வந்தாலும் அது தன்னுடையது இல்லை என்று ஆகிவிட வேண்டுமாம்.

சனிக்கிழமை திண்டுக்கல் பாசஞ்சரில் கிளம்பினோம். ரயில்வேக்காரன் வெளியூருக்குப் பஸ்ஸில் போனால் சோறு இறங்காது. ஜங்ஷனில் ராசப்பன் வெள்ளை வேட்டியோடு, கையில் பழப்பையோடு நின்றிருந்தார். "உங்களுக்கு வீண் அலைச்சல் மேடம்," என்று மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்கக் கேட்க இவள் குறுகிப்போனாள். மணப்பாறையில் முறுக்கு வாங்கினேன். யாரும் தொடவில்லை. நான்தான் தின்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா பாப்பாயி வாசலிலேயே நின்றார். உயரமான பெண்மணி, நேராகப் பேசுகிறவர். எங்கள் இருவரையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். ராசப்பனைச் சொல்லவில்லை. அவர் பழப்பையோடு நின்றார்.

"பணம் வேணும்னா நேர்ல வந்து கேட்டிருக்கலாம்," என்றார் பாப்பாயி. "எங்க அண்ணன் போனுக்கும் போயிருக்கு. பொண்ணு வீட்டுல இப்பவே கையேந்துறாங்களான்னு அவரு கேக்கறாரு. நான் என்ன பதில் சொல்றது?"

பேட்ரிசியா நடந்ததைச் சொன்னாள். பாப்பாயி கேட்டுக்கொண்டார். அவரும் காலை ஆடியோ கேட்கிறவர்தான். அதனால்தான் இன்னும் சிக்கலானது.

"உங்க குரலை எனக்குத் தெரியாதா? தெனம் கேக்கறேன். அந்த லிங்க் ஆடியோலயும் நீங்கதான் பேசுனீங்க. இப்ப நான் பேசலங்கறீங்க. பேசாத பேச்சு எப்படிம்மா வரும்?"

எனக்கு அந்த இடத்தில் எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. பேட்ரிசியா பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள்.

"அம்மா, உங்க மாட்டைப் பத்திக் கொஞ்ச நேரம் பேசுங்க. நான் பதிவு பண்ணிக்கறேன். உங்க முன்னாடியே அழிச்சிடுவேன்."

மாட்டைப் பற்றிக் கேட்டால் யார் பேச மாட்டார்கள்? செவலைப் பசு போன ஈற்றில் பட்ட பாட்டையும், கறவைக்காரன் ஏமாற்றியதையும், கன்று வேலி தாண்டியதையும் பாப்பாயி விடாமல் சொன்னார். பேட்ரிசியா ஏதோ தட்டினாள். நான் ஒரு செம்பு தண்ணீர் குடித்து முடித்தேன். பிறகு லேப்டாப் பேசியது, பாப்பாயியின் குரலில், வாசல் முழுக்கக் கேட்கும்படி:

"நான் பாப்பாயி பேசறேன். எங்க மாட்டையெல்லாம் சும்மாவே குடுத்துடலாம்னு இருக்கேன். வேணுங்கறவங்க வந்து ஓட்டிக்கிட்டுப் போங்க."

கொல்லைப்புறத்திலிருந்து அவர் கணவர் புல்லுக்கட்டோடு ஓடிவந்தார். "ஏன்டி, யாருக்குடி குடுக்கற? என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

பாப்பாயி தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நான் வாயே தொறக்கலியே," என்றார் மெதுவாக.

"அன்னைக்கு நானும் வாயைத் தொறக்கலம்மா," என்றாள் பேட்ரிசியா. "ராசப்பன் அண்ணனும் ஒரு எழுத்து எழுதல."

பாப்பாயி உள்ளே போய், தானே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். "உக்காருங்க சம்பந்தி. வந்தவங்கள நிக்க வச்சுட்டேன்," என்றார். ராசப்பன் உட்கார்ந்ததும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் அழுததை நாங்கள் யாரும் பார்க்காததுபோல இருந்துகொண்டோம். பாப்பாயியின் கணவர் மட்டும், மாடு கொடுப்பதாக இல்லைதானே என்று இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

காபி வந்தது. மருமகளுக்கு எந்தப் போன் வாங்கலாம் என்று பாப்பாயி யோசனை கேட்டார். தான் அப்போது சோதனைக்கு வைத்திருந்ததைக் காட்டி, இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது என்றாள் பேட்ரிசியா. கிளம்பும்போது பாப்பாயி வாசல் வரை வந்தார்.

"அப்ப இனிமே நீங்க பேசறத எப்படிம்மா நம்பறது?"

"நம்பாதீங்கம்மா. அதை அமுக்குங்க, இதைச் செய்ங்கன்னு என் குரல் சொன்னா, நானே சொன்னாலும் கேக்காதீங்க. போனை வச்சிடுங்க. நேர்ல வந்து சொன்னா மட்டும் கேளுங்க."

அதற்குப் பிறகு விடுமுறை நாளெல்லாம் அதே வேலையாக அலைந்தாள். ரசிகர் மன்றத் தலைவன் மாதிரி லேப்டாப்பைச் சுமந்துகொண்டு நான் பின்னால் போனேன். லால்குடியில், பாலக்கரை பங்குக் கோயிலின் அன்பிய ஜெபக் கூட்டத்தில், எங்கே நான்கு பேர் சேர்ந்தாலும் அவர்களில் ஒருவர் குரலை வாங்கி, அவர் சொல்லாததைச் சொல்ல வைத்தாள். சமயபுரத்து டீக்கடைக்காரர் குரலில், இன்றைக்கு டீ எல்லாருக்கும் ஓசி என்று ஸ்பீக்கரில் போட்டாள். நடைப்பயணமாக வந்த பக்தர்கள் கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. அவர் வேறு வழியில்லாமல் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நல்லா வெளங்குச்சும்மா, போதும்," என்றார்.

ஆனால் வீட்டுக்கு வந்தால் அவள் பழைய பேட்ரிசியா இல்லை. காலையில் அதே நேரத்துக்கு எழுவாள். டீ போடுவாள். பேச உட்காரும் இடத்தில் உட்காருவாள். பேச ஒன்றும் இருக்காது. பஸ்ஸில் என் காதும் சும்மா இருந்தது. அந்தக் குரலை நான் எவ்வளவு தேடினேன் என்று அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"வீணா விட்டுட்டேனோன்னு இருக்குங்க," என்றாள். "போற எடத்துல எல்லாரும் சிரிக்கறாங்க, கை தட்டறாங்க. மறுநாள் யாராவது என் குரல்ல கூப்பிட்டா மறுபடி அமுக்கத்தான் போறாங்க. ஒருத்தராவது கேட்டிருப்பாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கும் தெரியவில்லை. எதையாவது சொல்லித் தேற்றினால் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் டீ டம்ளர்களைக் கழுவப் போனேன்.

மார்கழியில் அவள் சோதித்துக்கொண்டிருந்த போன் தன் புத்தியைக் காட்டியது. சோதனை மாதம் முடியும் தறுவாயில் பேட்டரி உப்பிப் பின்மூடி விரிந்துகொண்டது. பாப்பாயி வீட்டில் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்த அதே போன். பொங்கலுக்கு முன்னால் கல்யாணச் சாமான்களோடு அதையும் வாங்கிவிடப் போகிறார்களே என்று பதறிப்போய், மாடியிலிருந்தே பாப்பாயிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் இருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன்.

"வணக்கம்மா, பேட்ரிசியா பேசறேன். மருமகளுக்கு ஒரு போன் சொன்னேனே, அதை வாங்காதீங்கம்மா. அதுக்குப் பதிலா..."

"யாருங்க பேசறது?"

"பேட்ரிசியாம்மா. உங்க வீட்டுக்கு வந்தேனே. மாட்டைப் பத்திப் பதிவு பண்ணிப் போட்டுக் காட்டினேனே."

"மாட்டுக் கதை வையம்பட்டிக்கே தெரியும்," என்றார் பாப்பாயி. "அந்தம்மா குரல்ல யாரு எதைச் செய்யச் சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னு அவங்களே எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காங்க. அவங்களா இருந்தா நேர்ல வரச் சொல்லுங்க. வையிங்க போனை."

வைத்துவிட்டார். மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. மூன்றாம் தடவை மணியே அடிக்கவில்லை. பாப்பாயி நம்பரைத் தடுத்துவிட்டார்.

நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"பாத்தீங்களா? என்னையே நம்பலங்க," என்றாள்.

முதல் மார்க் வாங்கிய ஸ்கூல் பிள்ளைக்கு அந்தச் சந்தோஷம் வரும். எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை, அதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். இவளைக் கட்டிக்கொண்டதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த மாடியிலேயே சொல்லிவிட்டேன்.

"ராசப்பன் அண்ணன்கிட்ட சொல்லி, அவரை விட்டுப் பேசச் சொல்லலாமே?" என்றேன் பிறகு.

"அவரு பேசுனாலும் அவங்க வச்சிடணுங்க. அதுதானே சரி," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கெளம்புங்க, நேர்ல போவோம்."

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையை முடித்துக்கொண்டு ரயிலேறினோம். வையம்பட்டியில் பாப்பாயி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் விளக்குமாற்றைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். பேட்ரிசியாவின் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தார், முகத்தையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப சொல்லுங்கம்மா, கேக்கறேன்," என்றார்.